பெட்டிப் படத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்: லங்காஸ்டர் கிட் வாங்குவோருக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே விமானத்தைப் பற்றியவை. 1941 ஜனவரி 9 அன்று முதன்முதலாகப் பறந்து, மொத்தம் 7,377 கட்டப்பட்ட பிரிட்டனின் ஆவ்ரோ லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம்தான் அது. இன்றும் பறக்கும் நிலையில் இருப்பவை இரண்டே. ஒன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் இருக்கிறது, மற்றது கனடாவின் ஹாமில்டனில். கோடை விழாவில் அந்த நான்கு மெர்லின் எஞ்சின்களின் ஓசையைக் கேட்டுவிட்டு, மறுநாளே அதன் கிட் (பாகங்களை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடல் பெட்டி) வாங்கக் கிளம்பும் பிரிட்டன் வாசகர்கள்தாம் அதிகம் எழுதியிருக்கிறார்கள். அந்த ஓசை எனக்கும் பிடிக்கும். ஆனால் அது காதில் இருக்கும்போதே பணப்பையைத் திறக்க வேண்டாம்.

கேள்வி: முதல் லங்காஸ்டர். 1/72, 1/48, 1/32 மூன்றும் கிடைக்கின்றன. பெரியதை வாங்கினால்தானே கொடுத்த பணத்துக்கு மதிப்பு? (ஹாரோ)

பதில்: உண்மையான விமானத்தின் இறக்கை அகலம் 31 மீட்டர். 1/72 அளவில் அது 43 சென்டிமீட்டர், 1/48 அளவில் 65, 1/32 அளவில் 97. வீட்டு அலமாரியை டேப் வைத்து அளந்துவிட்டு எழுதுங்கள். ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலமான பொருளைப் பெயின்ட் அடிக்கவும், காயவைக்கவும், தூசு படாமல் வைக்கவும் இடமில்லாமல் பாதியில் பெட்டிக்குள் திரும்பிப் போன 1/32 கிட்களைக் கண்காட்சிகளில் எத்தனையோ பார்த்துவிட்டேன். முதல் லங்காஸ்டருக்கு 1/72 போதும்.

கேள்வி: போரில் ஜெர்மனியின் அணைகளை உருளைக் குண்டுகளால் தகர்த்த 617-ஆம் படைப்பிரிவின் விமானத்தைச் செய்ய ஆசைப்பட்டு ஏர்ஃபிக்ஸின் லங்காஸ்டர் பி.2 வாங்கினேன். எஞ்சின்கள் வட்டமாக இருக்கின்றன, உருளைக் குண்டும் இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (கோவென்ட்ரி)

பதில்: இல்லை. பெட்டியில் பி.2 என்று எழுதியிருக்கிறது, படத்திலும் வட்ட எஞ்சின்தான் இருக்கிறது. மெர்லின் எஞ்சின்களுக்குத் தட்டுப்பாடு வந்துவிடுமோ என்ற கவலையில், பிரிஸ்டல் ஹெர்குலிஸ் எஞ்சின் பொருத்திக் கட்டிய 300 விமானங்கள்தாம் பி.2. 1943 மே 16 இரவு அணைகளை நோக்கிப் போனவை மெர்லின் எஞ்சின் கொண்ட மார்க் 3 விமானங்கள். குண்டு அறையின் கதவுகளையும் முதுகுத் துப்பாக்கிக் கூண்டையும் அகற்றி அவற்றைத் தனியாக மாற்றியமைத்திருந்தார்கள். அதற்கென்றே ஏர்ஃபிக்ஸ் வேறு பெட்டி வெளியிட்டிருக்கிறது. வாங்கும் முன் பத்து நிமிடம் படித்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. உங்கள் பி.2 நல்ல கிட். அதை அதுவாகவே செய்யுங்கள். 514-ஆம் படைப்பிரிவும் கனடாவின் 408-ஆம் படைப்பிரிவும் அந்த வகையைப் பறக்கவிட்டவை.

கேள்வி: "புதிய வெளியீடு" என்று இணையக் கடையில் பார்த்து வாங்கினேன். பெட்டி பளபளப்பு. உள்ளே பல பத்தாண்டு பழைய அச்சில் வார்த்த பாகங்கள். பணம் திரும்பக் கிடைக்குமா? (லெஸ்டர்)

பதில்: கிடைக்க வழி இருக்கிறது. அதற்கு முன் இந்த வழக்கத்தைப் பற்றி எனக்குள் பல காலமாக இருக்கும் கோபத்தைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு பெரிய விமானத்துக்கு எஃகு அச்சு செய்வது பெரும் செலவு. ஒழுங்காகப் பராமரித்தால் அந்த அச்சு பல பத்தாண்டுகள் உழைக்கும். அதனால் பழைய அச்சை எடுத்துப் புதிய டெக்கால் தாளோடு (மாடலில் ஒட்டும் எழுத்துகளும் சின்னங்களும் உள்ள தாள்) மறுபடி விற்பதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். தமியாவின் 1/48 லங்காஸ்டர் 1975-ஆம் ஆண்டு அச்சு. தெரிந்து வாங்குகிறவர்கள் இன்றும் அதை மகிழ்ச்சியோடு செய்கிறார்கள். குற்றம் எதுவென்றால், வாங்குகிறவருக்கு அதைச் சொல்லாமல் விடுவது. ஏர்ஃபிக்ஸ் ஒரே 1/72 அளவில் மூன்று வெவ்வேறு லங்காஸ்டர் அச்சுகளைச் செய்திருக்கிறது: 1958, 1980, 2013. பெயர், அளவு, விமானம் எல்லாம் ஒன்றே. பாகங்களோ மூன்று தலைமுறையைச் சேர்ந்தவை. "ஏர்ஃபிக்ஸ் லங்காஸ்டர், 1/72" என்ற விளம்பர வரியிலிருந்து இந்த மூன்றில் எது வரப்போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பிஸ்கட் பாக்கெட்டில் தயாரித்த தேதியைக் கேட்கிற நாம், இதில் அச்சு எந்த ஆண்டுடையது என்று ஏன் கேட்பதில்லை? அட்டையின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட எந்த நிறுவனத்துக்கும் பெரிய செலவு ஆகாது. அட்டையில் இருக்கும் காப்புரிமை ஆண்டை நம்பாதீர்கள், அது அட்டைக்கு உரியது. பல கிட்களில் இறக்கையின் உள்பக்கத்திலோ, பாகங்கள் தொங்கும் சட்டகத்திலோ உண்மையான ஆண்டு பொறித்திருக்கும். விற்பவரிடம் அந்த இடத்தின் புகைப்படம் கேளுங்கள். ஸ்கேல்மேட்ஸ் என்ற இணையதளத்தில் ஒவ்வொரு கிட்டின் வம்சாவளியும் வரைபடமாக இருக்கிறது, பார்க்கக் கட்டணம் இல்லை.

என்னிடமும் இப்படி விற்றிருக்கிறார்கள். ஒரு கண்காட்சியில் "புத்தம் புது அச்சு" என்று சத்தியம் செய்து கொடுத்தார் ஒருவர். இறக்கையை உடலோடு சேர்த்தபோது நகம் நுழையும் இடைவெளி. எஞ்சின் உறைகளின் இரு பாதிகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பட்டி வைத்து, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்தால், மேலெழும்பியிருந்த தகட்டுக் கோடுகளும் சேர்ந்தே தேய்ந்து போயின. மறுநாள் விற்பவரும் இல்லை, ரசீதும் இல்லை.

உங்கள் நிலை மேல். இணையத்தில் வணிகரிடம் வாங்கியிருப்பதால், கிட் கைக்கு வந்த 14 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். பாகங்களை வெட்டி எடுத்திருந்தால் பணத்தில் பிடித்துக்கொள்ளலாம். அந்தக் காலம் தாண்டியிருந்தால், விளம்பரத்தில் "புதிய அச்சு" என்று எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, விவரித்தபடி இல்லாத பொருளை 30 நாட்களுக்குள் திருப்பி முழுப் பணமும் கேட்கலாம். "புதிய வெளியீடு" என்று மட்டும் இருந்தால் வாதம் பலவீனம்தான், ஏனென்றால் வெளியீடு புதியதே. இந்த ஓட்டையைத்தான் கடைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே பணம் செலுத்துங்கள்.

கேள்வி: லங்காஸ்டர் மூக்கில் வைக்க என்று ஈய எடைப் பொட்டலம் ஒன்றையும் சேர்த்து விற்றார்கள். எவ்வளவு வைப்பது? (ஸ்லவ்)

பதில்: ஒன்றும் வேண்டாம். லங்காஸ்டர் வால் சக்கரத்தில் சாய்ந்து நிற்கும் விமானம். மூக்குச் சக்கரம் உள்ள லிபரேட்டருக்கும் பி-29க்கும்தான் எடை தேவை. பொட்டலத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 74. "முழுமையானது, ஒரு பாகமும் குறையவில்லை" என்ற விளம்பரத்தை நம்பி ஏலத் தளத்தில் ஒரு தனிநபரிடம் பழைய கிட் வாங்கினேன். கண்ணாடிப் பாகங்கள் இருக்கும் சட்டகமே இல்லை. "பழைய பொருள், திருப்ப முடியாது" என்கிறார். (ஈஸ்ட் ஹாம்)

பதில்: ஐயா, அவர் சொல்வது செல்லாது. தனிநபர் விற்றாலும் பொருள் விளம்பரத்தில் சொன்னபடி இருக்க வேண்டும் என்பது சட்டம். "முழுமையானது" என்று எழுதியது அவர்தான். விளம்பரப் பக்கத்தை இன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியிலிருந்த சட்டகங்களை எல்லாம் மேசையில் பரப்பி, விளக்கக் குறிப்பின் பாகப் பட்டியலும் தெரியும்படி இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் சேர்த்து, தளத்தின் புகார்ப் பகுதியில் "விவரித்தபடி இல்லை" என்ற காரணத்தின் கீழ் பதியுங்கள். அதற்குக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். பாதிப் பணம் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குண்டு இலக்காளரின் மூக்குக் கண்ணாடி, நீண்ட விமானி அறைக் கூரை, துப்பாக்கிக் கூண்டுகள் என லங்காஸ்டரின் முகமே கண்ணாடிதான். அது இல்லாத கிட் கிட்டே அல்ல. உங்கள் வயதைப் பார்த்து அலட்சியம் செய்திருக்கிறார். விட்டுவிடாதீர்கள். அவர் தரும் பதிலை எனக்கும் அனுப்புங்கள்.

கேள்வி: 1/32 லங்காஸ்டருக்கு முன்பணமாக முழு விலையும் கொடுத்தேன். கடையை மூடிவிட்டார்கள். (க்ராய்டன்)

பதில்: கிரெடிட் கார்டில் செலுத்தி, விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்தால், 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனமும் பொறுப்பு. அவர்களுக்கு எழுதுங்கள். டெபிட் கார்டானால் வங்கியிடம் 'சார்ஜ்பேக்', அதாவது கடையின் வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெற்றுத் தரும்படி கேளுங்கள். வங்கிப் பரிமாற்றம் செய்திருந்தால் வழி மிகவும் குறுகலானது. முன்பதிவுக்கு அந்த முறையில் யாரும் பணம் அனுப்பக் கூடாது.

கேள்வி: அணைத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய கை கிப்சன் ஓட்டிய விமானத்தின் உண்மையான அலுமினியத் துண்டு, சான்றிதழோடு விற்பனைக்கு வந்திருக்கிறது. மாடலின் பீடத்தில் பதிக்க ஆசை. வாங்கலாமா? (லூட்டன்)

பதில்: வாங்காதீர்கள். கிப்சனின் விமானம், இடி932 (ED932) என்ற எண்ணுடையது, அந்த இரவில் பத்திரமாகத் திரும்பியது. போருக்குப் பிறகு 1947-இல் அதை உடைத்துப் பழைய உலோகமாக்கினார்கள். அந்தத் துண்டு அதிலிருந்து எடுத்ததுதான் என்று காட்ட, உடைத்த காலத்து ஆவணம் வேண்டும். விற்பவரே கணினியில் அச்சிட்ட சான்றிதழ் எதையும் நிரூபிக்காது. "நொறுங்கி விழுந்த இடத்தில் கிடைத்தது" என்று கதையை மாற்றினால் இன்னும் மோசம். பிரிட்டன் மண்ணில் விழுந்த எல்லா ராணுவ விமானச் சிதைவுகளுக்கும் 1986-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. உரிமம் இல்லாமல் தோண்டுவது குற்றம்.

அன்று போன 19 விமானங்களில் 8 திரும்பவில்லை, 53 பேர் இறந்தார்கள். உடைந்த அணையின் வெள்ளத்தில் மாண்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் மிகப் பலர் ஜெர்மனிக்குக் கட்டாய உழைப்புக்காகக் கொண்டுவரப்பட்டவர்கள். இவர்கள் பெயரால் தகரம் விற்கிறவர்மீது எனக்கு இரக்கமே இல்லை. அந்தப் பணத்துக்கு லண்டன் ஹெண்டன் அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். 137 தடவை போருக்குப் போய்த் திரும்பிய ஆர்5868 என்ற லங்காஸ்டர் அங்கே நிற்கிறது. கீழே நின்று அந்தக் குண்டு அறையின் நீளத்தைப் பார்த்துவிட்டு வந்து மாடலைச் செய்யுங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது.

கேள்வி: பழைய கிட்டின் டெக்கால் தாள் மஞ்சளாகிவிட்டது. புதியது வாங்க வேண்டுமா? (மில்டன் கீன்ஸ்)

பதில்: அவசரப்படாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெயில் விழும் சன்னல் கண்ணாடியில் சில வாரம் ஒட்டிவையுங்கள், பெரும்பாலும் வெளுத்துவிடும். பிறகு தேவையில்லாத ஓர் எழுத்தை மட்டும் வெட்டி நீரில் ஊறவைத்துப் பாருங்கள். துண்டு துண்டாகப் பிரிந்தால், மீதித் தாள் முழுவதும் டெக்கால் திரவப் பூச்சு ஒன்றைத் தடவிக் காயவிட்டுப் பயன்படுத்துங்கள். அப்படியும் உடைந்தால் மட்டும் புதியது வாங்குங்கள்.