14 வயது மகன் "அப்பாவிடமே இருக்கிறேன்" என்றால் போதுமா?

கேள்வி: நான் பினாங்கில், ஜெலுத்தோங்கில் வசிக்கிறேன். மணவிலக்கு ஆனபோது இரண்டு பிள்ளைகளின் கஸ்டடியும் தாய்க்குப் போனது. பள்ளி விடுமுறை நாட்களில் பாதி என்னிடம் என்று உத்தரவு. இப்போது மகனுக்கு 14 வயது, மகளுக்கு 8. என் முன்னாள் மனைவி மறுமணம் செய்துகொண்டு பிறை வட்டாரத்தில் இருக்கிறார். அந்த வீட்டில் மகனை ஒருவரும் மதிப்பதில்லை. அவர் அம்மா என்னைப் பற்றிப் பேசும் பேச்சை எழுதவே கூசுகிறது. போன விடுமுறைக்கு வந்த மகன் திரும்பிப் போகமாட்டேன் என்று அழுதான். பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகிறது, நான் அனுப்பவில்லை. அவன் பேசியதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். நீதிபதிக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்திருக்கிறான். தன் வாயாலேயே சொன்ன பிறகு நீதிபதி மறுக்க முடியுமா?

பதில்: மறுக்க முடியும். ஆனால் அதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. இன்றைய தேதியில் நீதிமன்ற உத்தரவை மீறிக்கொண்டிருப்பவர் நீங்கள். பையன் அழுதான் என்பது அதற்குப் பதில் ஆகாது. தாய் தரப்பு நாளைக்கே அவமதிப்பு மனு போட்டால், லைட் ஸ்ட்ரீட் நீதிமன்றத்தில் உங்கள் பையனின் விருப்பத்தைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள். உங்களுக்கு அபராதமா, சிறையா என்றுதான் பேச்சு போகும். முதலில் அவனைத் தாயிடம் கொண்டுபோய் விடுங்கள். இந்த வாரமே. இரண்டு வாரம் வகுப்புக்குப் போகாத படிவம் இரண்டு மாணவன் என்பதையே எதிர்த்தரப்பு வக்கீல் முதல் பத்தியில் எழுதுவார். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதுவேன். அவனை யாராவது அடித்தார்கள், அவனுக்கு அங்கே ஆபத்து என்றால் கதை வேறு. உடனே போலீஸ் ரிப்போர்ட் செய்துவிட்டு அவசர மனு போட வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

மாமியார் பேச்சு, மறுமணம், உங்களுக்கு நேர்ந்த அவமானம் இவை எதுவும் கஸ்டடியை மாற்றக் கேட்கும் மனுவில் எடுபடாது. மறுமணம் செய்வது குற்றமும் இல்லை.

சட்டத்தில் உங்களுக்கு வேண்டியது இரண்டே இடம். 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 96-ஆம் பிரிவு, சூழ்நிலையில் முக்கியமான மாற்றம் ஏற்பட்டிருந்தால் பழைய கஸ்டடி உத்தரவை மாற்றலாம் என்கிறது. பையன் வளர்ந்துவிட்டான், தன் மனதைத் தானே சொல்கிறான் என்பதை அந்த மாற்றமாகக் காட்டி வாதாட இடம் உண்டு. அடுத்தது 88-ஆம் பிரிவு. பிள்ளையின் நலனே முதன்மை. அதற்கு உட்பட்டுத்தான் பெற்றோரின் விருப்பமும், சொந்தமாகக் கருத்துச் சொல்லும் வயதை எட்டிய பிள்ளையின் விருப்பமும் பார்க்கப்படும். இத்தனை வயது ஆகிவிட்டால் பிள்ளை சொன்னதே முடிவு என்று எந்தப் பிரிவிலும் எழுதவில்லை. ஆகவே உங்கள் வழக்கு முழுக்க ஒரே கேள்வியில் நிற்கிறது: அவன் சொல்வது அவனுடைய சொந்தக் கருத்துதானா?

இந்த இடத்தில்தான் என் கட்சிக்காரர்கள் பலர் கவிழ்ந்திருக்கிறார்கள். நல்ல அப்பாக்கள், நல்ல அம்மாக்கள், பிள்ளைக்காக உயிரையே கொடுப்பவர்கள். பிள்ளை பேசினால் போதும் என்ற அவசரத்தில், பேசப்போவதை அவர்களே தயார் செய்துவிடுகிறார்கள்.

நீதிபதி பையனோடு பேச விரும்பினால் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசுவார். நீங்கள் வெளியே பெஞ்சில் காத்திருக்க வேண்டியதுதான். எடுத்த எடுப்பில் "அப்பாவா, அம்மாவா" என்று அனுபவமுள்ள நீதிபதி கேட்கமாட்டார். எந்தப் பள்ளி, காலையில் யார் எழுப்புகிறார்கள், டியூஷனுக்கு யார் கொண்டுபோய் விடுகிறார்கள், தங்கச்சியோடு சண்டை வருமா என்று போகும். பிள்ளை சாதாரணமாகப் பேசிக்கொண்டு வரும். திடீரென்று ஒரு வாக்கியம் வேறு குரலில் வந்து விழும். ஒரு வழக்கில் 12 வயதுப் பெண் பிள்ளை, அப்பா எத்தனை மாத ஜீவனாம்சம் பாக்கி வைத்திருக்கிறார் என்று ரிங்கிட் கணக்கோடு ஒப்பித்தாள். அம்மாவின் அஃபிடவிட்டில், அதாவது சத்தியம் செய்து தாக்கல் செய்த வாக்குமூலத்தில், இருந்த அதே தொகை. அதற்குப் பிறகு அவள் மனதாரச் சொன்ன எதற்கும் மதிப்பில்லாமல் போய்விட்டது. உண்மையிலேயே அவள் அம்மாவிடம் இருக்கத்தான் ஆசைப்பட்டாள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனது பொறுக்கவில்லை.

உங்கள் வீடியோவும் கடிதமும் அப்படிப்பட்டவைதான். கேமராவைப் பிடித்திருந்தது நீங்கள். கடிதம் எழுதப்பட்டது உங்கள் சாப்பாட்டு மேசையில். அவன் உண்மையையே சொல்லியிருக்கலாம், ஆனால் அதை உங்கள் வீட்டில், உங்கள் முன்னால், அம்மாவைப் பார்க்காத இரண்டு வாரத்தில் சொல்லியிருக்கிறான். அந்த வீடியோவைத் தாக்கல் செய்யாதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், உறவினர் யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்கள் அஃபிடவிட்டை அவன் கண்ணில் காட்டாதீர்கள். அறையிலிருந்து வெளியே வந்ததும் காரில் வைத்து "என்னடா சொன்னே?" என்று கேட்கவும் கூடாது. உள்ளே போய்ப் பேசியதை அப்பாவிடமும் ஒப்பிக்க வேண்டும் என்று தெரிந்தால், அவன் உள்ளேயும் உங்களுக்குப் பிடித்ததைத்தான் பேசுவான்.

குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை மலேசியா 1995-இல் ஏற்றது. தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லவும், அதைப் பிறர் காதுகொடுத்துக் கேட்கவும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 12-ஆம் பிரிவு. அந்த உரிமை அவனுடையது. "எனக்கு அப்பாவும் வேண்டும், அம்மாவும் வேண்டும், யாரிடம் என்று என்னைக் கேட்காதீர்கள்" என்று சொல்வதும் அதில் அடங்கும். இந்த வயதுப் பிள்ளைகளில் பலர் அந்த அறையில் சொல்வது அதைத்தான்.

மனு போட்டே தீர வேண்டும் என்றால், பிள்ளை நலனில் பயிற்சி பெற்ற ஒருவரின் ஆலோசனையை 100-ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் பெற வேண்டும் என்று கேளுங்கள். சமூகநல அதிகாரியாக இருக்கலாம், மனநல நிபுணராகவும் இருக்கலாம். நீதிபதி அதற்குக் கட்டுப்பட்டவர் இல்லை, ஆனால் உங்கள் வீடியோவைவிட அதற்கு நூறு மடங்கு மதிப்பு. மகளைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் நலனையும் தனித்தனியாகப் பார்க்கச் சட்டம் சொல்கிறது, அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்றும் உத்தரவு வரலாம். அது அந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன செய்யும் என்று நீதிபதி கேட்பார். பதில் வைத்திருக்கிறீர்களா?

என்னைக் கேட்டால், சமரசம் பேசுங்கள். கஸ்டடி 18 வயது வரைதான். இன்னும் நாலே வருடம், அதில் எஸ்பிஎம் தேர்வு வேறு வருகிறது. அவனைத் தாயிடம் கொண்டுபோய் விட்ட பிறகு, வார இறுதி முழுவதும் ஜெலுத்தோங்கில், விடுமுறையில் கூடுதல் நாள், அவன் நினைத்தபோது உங்களுக்கு போன் செய்யலாம் என்று உங்கள் வக்கீல் மூலம் எழுதிக் கேளுங்கள். 14 வயதுப் பையனைக் கட்டி வைக்க முடியாது என்பது தாய்க்கும் தெரியும், பாதி வழி அவரே வருவார். பேச்சு முறிந்தால் நீதிமன்றத்திலேயே நீதிபதி நடத்தும் சமரசத்துக்குப் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. ஒத்துக்கொண்டதை உத்தரவாகப் பதிவு செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் "ஓகே" என்று வந்ததை நம்பி இருந்தவர்கள் அடுத்த தீபாவளிக்கே மறுபடி என்னிடம் வந்திருக்கிறார்கள்.

அப்புறம், மகன் இரண்டு வாரம் என்னிடம்தானே இருந்தான் என்று இந்த மாத ஜீவனாம்சத்தைப் பிடித்துவிடாதீர்கள். அந்த உத்தரவும் மாறும்வரை அப்படியே நிற்கிறது. முழுத் தொகையையும் வங்கி வழியாகக் கட்டி, ரசீதை எடுத்து வையுங்கள்.