குறியீட்டுக்குப் பின்னால் ஒரு குரோவேஷியர்

கேள்வி: காலாண்டு விடுமுறையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித் தருகிறேன். தொடக்க ஆட்டங்களுக்கு, அதாவது ஆட்டத்தின் முதல் நகர்த்தல் வரிசைகளுக்கு, குறியீடு வகுத்தவர்களில் முன்னோடி பிராஸ்லாவ் ரபார் என்று படித்தேன். அவர் யார்?
- வாசகர், திருவையாறு

பதில்: 1919-இல் ஜாக்ரெப் நகரில் பிறந்த குரோவேஷியர். 1950-இல் டுப்ரோவ்னிக் சதுரங்க ஒலிம்பியாடில் யூகோஸ்லாவிய அணி தங்கம் வென்றபோது, நான்காம் பலகையில் (அணியின் நான்காம் ஆட்டக்காரராக) ஆடிய ரபார் தனிநபர் தங்கத்தையும் பெற்றார். வலிமை மிக்க சோவியத் அணி அங்கு வரவில்லை என்று அந்த வெற்றியைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. அக்கால முன்னணி ஆட்டக்காரர் நஜ்டோர்ஃப் முதல் பலகையில் ஆடிய அர்ஜென்டினாவையே இரண்டாம் இடத்துக்குத் தள்ளிய அணியை அவ்வாறு மதிப்பிடுவது நியாயமாகாது. அவ்வாண்டே சர்வதேச மாஸ்டர் பட்டமும் மறு ஆண்டு யூகோஸ்லாவிய சாம்பியன் பட்டமும் ரபாருக்குக் கிடைத்தன.

ஆனாலும் அவருடைய பெரும்பணி வகைப்பாடுதான். 1966-இல் பெல்கிரேடில் தொடங்கிய ‘செஸ் இன்ஃபர்மேன்ட்’, தன் தொடக்க இதழ்களில் ஆட்டங்களை ரபார் வகுத்த எண்களின்படியே அடுக்கியது. மொழி அறியாதவரும் எண்ணைப் பார்த்துத் தமக்கு வேண்டிய ஆட்டத்தை எடுத்துவிடலாம். அவர் 1973-இல் மறைந்தார். ‘பி 90’ என்றால் நஜ்டோர்ஃப் சிசிலியன் என்ற தொடக்க ஆட்டம் என்று இன்று உங்கள் மாணவர்கள் படிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த முறை, அதன் பிறகே கலைக்களஞ்சியமாக வெளிவரத் தொடங்கியது.