எழுந்தவுடன் உமிழ்நீர் அமிலமாகக் காட்டுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 46. ஆறு மாதமாகக் காலையில் தேன் கலந்த எலுமிச்சை நீரும் ராகிக் கஞ்சியும்தான். வாய் பிசுபிசுக்கிறது. பரிசோதனைத் தாளில் உமிழ்நீரின் பி.எச். (அமில-கார அளவு; 7-க்குக் கீழே போகப் போக அமிலம் அதிகம்) எழுந்தவுடன் 6.5-க்குக் கீழே காட்டுகிறது. காரத்தன்மையுள்ள, அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மையுள்ள உணவு உண்டால் சரியாகுமா?

பதில்: தூக்கத்தில் உமிழ்நீர்ச் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடும், மெதுவாக ஊறும் உமிழ்நீரில் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டும் குறைவு. ஆகவே கண் விழித்ததும் பார்க்கும் அளவு சற்றுத் தாழ்ந்திருப்பது இயல்பே. இரத்தத்தின் பி.எச். அளவை 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நுரையீரலும் சிறுநீரகமும் காத்துவருவதால், அந்தத் தாளைப் பார்த்து உடம்பே அமிலமாகிவிட்டதென்று அஞ்ச வேண்டாம்.

உமிழ்நீரின் கலவையை அன்றாடம் பெரிதும் மாற்றுவது, எதை உண்கிறோம் என்பதைவிட எவ்வளவு மெல்லுகிறோம் என்பதே. சும்மா இருக்கையில் நிமிடத்துக்கு சுமார் 0.3 மி.லி. ஊறும், அதில் பெரும்பங்கு தாடைக்கும் நாக்குக்கும் அடியிலுள்ள சுரப்பிகளிலிருந்து வருவதால் வழவழப்பு மிகுந்திருக்கும். மெல்லத் தொடங்கியதும் காதருகே உள்ள சுரப்பிகள் விழித்துக்கொண்டு, பைகார்பனேட்டும், அமிலேஸ் என்னும் செரிமான நொதியும் நிறைந்த நீர்த்த உமிழ்நீரைப் பெருக்க, அளவு 1 முதல் 3 மி.லி. வரை உயரும். குழம்பு ஊற்றாத சோற்றை ஒரு கவளம் எடுத்து ஒரு நிமிடம் மென்று பாருங்கள், மெல்ல இனிக்கும். மாவுச்சத்தை அமிலேஸ் மால்டோஸ் என்னும் சர்க்கரையாக உடைப்பதன் சுவை அது. மடமடவென்று இறங்கும் கஞ்சிக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. (தலைமுறைகளாக மாவுச்சத்து மிகுதியாக உண்ட மக்களிடம் அமிலேஸ் மரபணுவின் பிரதிகள் அதிகம் என்று 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது, அது பரம்பரையாக வந்த மாற்றம், ஆறு மாதத்தில் வருவதன்று.)

எனக்குக் கவலை தருவது எலுமிச்சை நீர்தான். வயிற்றுக்குள் போய்க் காரத்தன்மை அடைந்துவிடும் என்ற பேச்சு பல்லைக் காப்பாற்றாது. எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2-க்கும் 3-க்கும் இடைப்பட்டது, 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். தேனின் சர்க்கரையைக் கிருமிகளும் அமிலமாக்கும், அதை உமிழ்நீர் முறிக்க அரை மணிக்கு மேலாகலாம். குடித்தே ஆக வேண்டுமென்றால் சொட்டுச் சொட்டாக உறிஞ்சாமல் ஒரேயடியாகக் குடித்துவிட்டு, வெறும் நீரால் வாய் கொப்பளியுங்கள். அடுத்த அரை மணி பல் துலக்காதீர்கள்.

கஞ்சிக்குப் பதில் ராகி அடையும், கூடவே நறுக்கிய கேரட்டோ கொய்யாக்காயோ வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் பிசுபிசுப்பு குறையவில்லை என்றால், எதுவும் உண்ணாத நேரத்தில் ஐந்து நிமிடம் ஊறும் உமிழ்நீரை மருந்துக் குப்பியின் அளவுக்கிண்ணத்தில் சேகரித்துப் பாருங்கள். அரை மி.லி.க்குக் குறைவாக இருந்தால், ஒவ்வாமைக்கோ மன அழுத்தத்துக்கோ நீங்கள் உண்ணும் மாத்திரைகளின் சீட்டோடு மருத்துவரைப் பாருங்கள். அத்தகைய மாத்திரைகளால் வரக்கூடிய வாய் வறட்சியை உணவு மாற்றம் மட்டும் தீர்க்காது.