இஸ்லாமும் ஜனநாயகமும் ஒத்துப்போகுமா?

ஒத்துப்போகுமா என்று பொதுவாகக் கேட்பதைவிட, முயன்று பார்த்த வட ஆப்பிரிக்க நாடான துனிசியாவைப் பார்க்கலாம். குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்தின் பெயரே ‘ஷூரா’, அதாவது கலந்தாலோசனை. இந்தக் காலத்தில் அதற்கு வடிவம் தேர்தலும் நாடாளுமன்றமும்தான் என்பது அந்நாட்டின் இஸ்லாமிய அரசியல் கட்சியான அன்னஹ்தாவின் தலைவர் ராஷித் கன்னூஷியின் வாதம்.

சரி, பேச்சு இருக்கட்டும். 2011 தேர்தலில் 217 இடங்களில் 89 பிடித்த அந்தக் கட்சி, அரசியல் சாசனத்தில் ஷரியா வேண்டும் என்ற கோரிக்கையை மறுவருடமே கைவிட்டது. 2022 வரை நடைமுறையில் இருந்த 2014 சாசனத்தின் 6ஆம் பிரிவைப் படித்தால் இழுபறி அப்படியே தெரியும்: அரசு மதத்தின் காவலன், அதே மூச்சில் மனச்சாட்சிச் சுதந்திரம், யாரையும் ‘காஃபிர்’ (இறைமறுப்பாளர்) என்று முத்திரை குத்தவும் தடை. பேரம் படிந்த தடயமாகவே எனக்கு இது படுகிறது.

அப்புறம், 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தை முடக்கியவர் யார்? அன்னஹ்தா அல்ல; அரசியல் சாசனச் சட்டம் கற்பித்த பேராசிரியராக இருந்து அதிபரான கைஸ் சயீத்.