மலை இறக்கத்தில் பிடிக்காத பிரேக்

கேள்வி: கொல்லிமலையிலிருந்து 125 சிசி பைக்கில் இருவராக இறங்கினோம். பாதி வழியில் கருகல் வாடை. பின் பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்கவில்லை. அடிவாரத்தில் பார்த்த மெக்கானிக், பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார். ஏன் இப்படி?
- வாசகர், ராசிபுரம்

பதில்: அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பெடலை மிதித்தபடியே வந்தால், பின் சக்கர டிரம்முக்குள் சூடு அடைபட்டு, அதில் உரசிப் பிடிக்கும் லைனிங் வழுக்கும். ஆறியதும் மறுபடி பிடிக்கும். ஆனாலும் கழற்றிப் பாருங்கள். லைனிங் கண்ணாடிபோல் மினுமினுத்தால் மாற்றிவிடுங்கள்.

இறக்கத்தில் இரண்டாம் கியர் போதும், வேகத்தை இன்ஜினே இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் உருட்டுவதும், பெட்ரோல் மிச்சமென்று இன்ஜினை அணைப்பதும் கூடவே கூடாது. வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். பிறகு பிரேக்கை விட்டுவிட்டுத் திரும்புங்கள். வாடை வந்தால் ஓரங்கட்டி, 20 நிமிடமாவது ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிரம் விரிசல் விடலாம்.

முன்னால் டிஸ்க் என்றால் பிரேக் ஆயிலை 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். புதிதில் 205 டிகிரி வரை தாங்கும் டாட் 3 ஆயில், ஈரம் உறிஞ்சியபின் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். அப்போது லீவர் கைப்பிடிவரை சொதசொதவென்று வந்துவிடும்.