சட்டைக் கையில் எண்ணெய்க் கறை

கேள்வி: என் தொடர்கதையைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். கதை 1943-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடக்கிறது. கணவன் குண்டுவீச்சு விமானத்தில் திசை கணிப்பவன். மனைவிக்கு பிளெட்ச்லி பார்க்கில், ஜெர்மானியரின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் ரகசிய வேலை. அவள் மறைக்கிறாள், அவன் சந்தேகப்படுகிறான், கடைசியில் உண்மை தெரிந்து இருவரும் சேர்கிறார்கள். 'ரகசியம் செயற்கையாக இருக்கிறது' என்று ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். வரலாற்றில் உண்மையாகவே இருந்த ரகசியம் எப்படி ஐயா செயற்கையாகும்?

பதில்: ஒரே வரியில் பதில் அனுப்பியது என் சோம்பல். அதற்கு மன்னியுங்கள். வரியை மட்டும் திரும்பப் பெறுவதாக இல்லை.

உங்கள் கடைசி அத்தியாயத்திலிருந்தே தொடங்குகிறேன். 1945 மே மாதம், ஐரோப்பாவில் போர் முடிந்த இரவு. தெருவில் ஜனங்கள் ஆடுகிறார்கள். உங்கள் நாயகி கணவனின் தோளில் சாய்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறாள். அவன் கண்ணீர் விடுகிறான், சுபம். அம்மா, அவளால் அதைச் சொல்லியிருக்க முடியாது. போரின் கடைசிக் கட்டத்தில் பிளெட்ச்லியிலும் அதன் கிளைகளிலுமாக ஏறக்குறைய 9,000 பேர் வேலை பார்த்தார்கள். முக்கால்வாசிப் பேர் பெண்கள். அரசாங்க ரகசியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள். போர் முடிந்ததும் அந்தக் கையெழுத்து காலாவதியாகிவிடவில்லை. அங்கே நடந்தது வெளியுலகத்துக்குப் பரவலாகத் தெரியவந்ததே 1970களின் நடுவில்தான். அதுவரை அப்பா அம்மா கேட்டாலும், கட்டிய கணவன் கேட்டாலும் 'ஏதோ குமாஸ்தா வேலை' என்பதுதான் பதில். சொல்லாமலேயே பெற்றோரைப் புதைத்தவர்கள் இருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது வருடம். பிள்ளைகள் பிறந்து வளர்ந்து, அவர்களுக்கும் கல்யாணம் ஆகிவிடும். நீங்கள் 'முற்றும்' போட்ட இடத்தில்தான் அந்தத் தம்பதியின் கஷ்டமே ஆரம்பமாகிறது. போர்க்காலத்தில் 'கேட்காதே' என்றால் அவன் வாயை மூடிக்கொள்வான், ஊரே அப்படித்தான் இருந்தது. 1952-இல், அடுப்பங்கரையில், சண்டைக்கு நடுவே 'அன்றைக்கு நீ எங்கே இருந்தாய்?' என்று கேட்பானே, அப்போது அவள் என்ன சொல்வாள்? உங்கள் கதையில் ரகசியம் உங்களுக்குச் சௌகரியப்பட்டபோது பூட்டுகிறது, பக்கம் தீர்ந்ததும் திறக்கிறது. செயற்கை என்றது அதைத்தான்.

சில்லறைப் பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் நாயகி தினமும் மாலையில் லண்டன் வீட்டுக்குத் திரும்பி விளக்கேற்றுகிறாள். பிளெட்ச்லி லண்டனிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். வேலை இரவு பகலாக மூன்று ஷிப்டு. தினமும் வந்து போகிற கதையே இல்லை. அவளை இயந்திரம் ஓட்டுபவளாக வைத்தீர்கள், நல்லது. ஆனால் சங்கேதத்தை உடைக்க உதவிய அந்த இயந்திரங்களில் பெரும்பாலானவை அப்போது ஸ்டான்மோர், ஈஸ்ட்கோட் என்ற லண்டன் ஓரத்து ஊர்களில்தான் ஓடின. அங்கே அனுப்பியிருந்தால் அவள் விடுதியில் தங்கினாலும், விடுமுறை நாளில் வீட்டுக்கு எட்டிப் பார்க்க வழி கிடைத்திருக்கும். இன்னொன்று, இயந்திரம் ஓட்டுகிறவளுக்குச் செய்தியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. பக்கத்து அறையில் என்ன வேலை என்பதும் தெரியாது. உங்கள் ஆளோ ஹிட்லரின் போர்த்திட்டத்தையே நெஞ்சில் சுமந்துகொண்டு பெருமூச்சு விடுகிறாள்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் கணவன் விவாகரத்துக் கேட்டு வக்கீலிடம் ஓடுகிறான். கல்யாணமாகி ஒன்பது மாதம். 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மணமாகி மூன்று வருடம் ஆகாமல் இங்கிலாந்தில் விவாகரத்து மனுவே போட முடியாது. விதிவிலக்கு வேண்டுமென்றால் நீதிபதியின் தனி அனுமதி வேண்டும். விலகவும் முடியாமல் பேசவும் முடியாமல் இரண்டு பேர். சட்டமே கையில் எடுத்துக் கொடுத்த முடிச்சை நீங்கள் கவனிக்கவேயில்லை.

சரி, எனக்குப் பெரிய குறை எது என்றால், உங்கள் கணவனிடம் ஒரு ரகசியமும் இல்லை. திறந்த புத்தகமாக வந்து போகிறான். குண்டுவீச்சு விமானப் படையிலா? முதல் சுற்றுக்கு முப்பது பயணம் போய்வர வேண்டும். அந்தப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். இனி ஏற மாட்டேன் என்று ஒருவன் சொன்னால் அவனுடைய கோப்பில் 'மன உறுதி இல்லாதவன்' என்று எழுதி ஓரங்கட்டினார்கள். அப்படிப்பட்டவன் விடுப்பில் வீட்டுக்கு வந்து, முட்டைப் பொடியில் செய்த ஆம்லெட்டைக் கிளறிக்கொண்டே, 'இன்னும் ஆறே பயணம்' என்பான். உண்மையில் பதினேழு பாக்கி இருக்கும். அவளும் 'இன்று தட்டச்சு வேலை அதிகம்' என்பாள். அவன் பொய் அவளுக்காக, அவள் பொய் சட்டத்துக்காக. ஒரே மேசை. இதை எழுத உங்களுக்கு ஏன் கை வரவில்லை?

நம் முல்லைத் திணைத் தலைவிக்கு இந்தத் தொல்லை இல்லை. அவன் பாசறையில் இருக்கிறான், கார்காலம் வந்ததும் வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறான். மழையோடுதான் அவளுக்கு வழக்கு. கணவனுக்கும் மனைவிக்கும் நடுவே அரசாங்கம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கியபோது பிறந்தது வேறு வகைப் பிரிவு. ஒரே அறையில் இருந்துகொண்டே பிரிவது. அதில் தெரியாத விஷயம் அவ்வளவு வலிக்காது. 'இவள் இவ்வளவு லாகவமாகப் பொய் சொல்கிறாளே' என்று கண்டுகொள்கிறானே, அதுதான் வலிக்கும். போருக்குப் பிறகு உண்மை தெரிந்தாலும் அந்த லாகவம் மறந்துபோகாது.

இத்தனை சொன்னாலும், உங்கள் கையெழுத்துப் பிரதியை நான் கடைசிவரை படித்ததற்குக் காரணம் மூன்றாம் அத்தியாயத்தின் அரைப் பக்கம். அவளுடைய சட்டைக் கையின் ஓரத்தில் எண்ணெய்க் கறை. தட்டச்சு இயந்திரத்துக்கு இவ்வளவு எண்ணெயா என்று அவன் மனதுக்குள் நினைக்கிறான். கேட்கவில்லை. அவள் தூங்கும்போது எழுந்து, சோப்புப் போட்டுக் கறையைத் தேய்த்து, சட்டையை நாற்காலியில் உலரப்போடுகிறான். காலையில் அவள் அதை மாட்டிக்கொள்கிறாள். ஈரம் மணிக்கட்டில் படுகிறது. அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த அத்தியாயத்திலேயே இதைக் கைவிட்டு, மேசை இழுப்பறைக்குள் முன்னாள் காதலனின் கடிதத்தை வைத்துவிட்டீர்கள். ஆயிரம் கதைகளில் அந்த இழுப்பறையைத் திறந்து பார்த்தாயிற்று.

கடிதத்தைத் தூக்கிப் போடுங்கள். வக்கீலையும் அனுப்பிவிடுங்கள். அந்த ஈரச் சட்டையிலிருந்து மறுபடி எழுதி, 1952 வரைக்குமாவது கொண்டுபோய் எனக்கு அனுப்புங்கள். இந்த முறை ஒற்றை வரி வராது.