வெளியில எடுக்கற போர்ட்ரெய்ட்: லென்ஸ், பேக்ரவுண்ட் பத்தி கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அண்ணா, என்கிட்ட கேமராவோட சேந்து வந்த 18-55 எம்எம் கிட் லென்ஸ் மட்டும்தான் இருக்கு, பேக்ரவுண்ட் ப்ளரே ஆக மாட்டேங்குது. 50 எம்எம் எஃப் 1.8 வாங்கிடட்டுமா?

பதில்: வாங்கலாம் தம்பி, நல்ல லென்ஸ்தான். எஃப் நம்பர் குறைய குறைய லென்ஸோட துவாரம் பெருசாகும், ப்ளரும் ஏறும். ஆனா அதுக்கு முன்னாடி இருக்கறத வச்சே ஒண்ணு பண்ணிப் பாரு. ஜூம் 55, எஃப் 5.6, முகமும் தோளும் மட்டும் வர்ற அளவுக்கு கிட்ட போ, ஆள சுவத்துலேர்ந்து ஒரு இருபது அடி முன்னாடி கூட்டிட்டு வந்து நிக்க வை. நிறைய பேர் அனுப்பற படத்துல ஆள் சுவத்தோட ஒட்டி நிக்கறாங்க, அப்படி நின்னா 1.8 போட்டாலும் பின்னாடி இருக்கற போஸ்டர் எழுத்தப் படிக்கலாம்.

கேள்வி: சார், 55-250 ஜூம் லென்ஸ் வச்சிருக்கேன். எல்லாரும் ஜூம் இல்லாத ப்ரைம் லென்ஸ்தான் போர்ட்ரெய்ட்டுக்குங்கறாங்களே?

பதில்: முதல்ல கையில இருக்கறத முழுசா யூஸ் பண்ணுங்க. ஃபோகல் லெங்த்த, அதாவது அந்த எம்எம் நம்பர, எஃப் நம்பரால வகுத்துப் பாருங்க, துவாரத்தோட அகலம் வரும். 50ஐ 1.8ஆல வகுத்தா 28 எம்எம், 250ஐ 5.6ஆல வகுத்தா கிட்டத்தட்ட 45, 85 எம்எம் 1.8ல 47. ஆள் ஃப்ரேம்ல அதே சைஸ்ல இருந்து பேக்ரவுண்ட் ரொம்ப தூரத்துல இருந்தா, இந்த நம்பர் எது பெருசோ அதுலதான் ப்ளர் ஜாஸ்தி. அதாவது உங்க ஜூம், 50ஐ தோற்கடிச்சிடும், பலர் இத நம்பவே மாட்டாங்க. இன்னொரு லாபம், 250ல பின்னாடி கொஞ்சூண்டு இடம்தான் தெரியும், ரெண்டு அடி நகர்ந்தாலே பைக், குப்பத்தொட்டி, கரண்ட் கம்பம் எல்லாம் ஃப்ரேம விட்டுப் போயிடும். கஷ்டம் என்னன்னா க்ராப் சென்சார்ல (சின்ன சென்சார் உள்ள கேமரா) இடுப்பு வரைக்கும் எடுக்க 50ல ரெண்டு மீட்டர் தள்ளி நின்னா போதும், 250ல பத்து மீட்டர் போகணும், கை ஆடாம இருக்க ஷட்டர் ஸ்பீடும் 1/500 செகண்டுக்கு கீழ போக வேணாம், சாயங்காலம் லைட் குறைஞ்சா ஐஎஸ்ஓ (சென்சாரோட வெளிச்ச உணர்வு) ஏறிடும். பார்க்ல ஓகே, சந்துல முடியாது.

கேள்வி: மொபைல்ல கிட்ட போய் எடுத்தா மூக்கு பெருசா தெரியுதுன்னு வீட்டுல கோவிச்சுக்கறாங்க.

பதில்: அவங்க சொல்றது சரிதான். அரை மீட்டர்ல நின்னா காத விட மூக்கு கேமராவுக்கு பத்து பன்னெண்டு சென்டிமீட்டர் பக்கம், அந்த தூரத்துல அது கால் பங்கு பெருசா விழும். ரெண்டு மீட்டர் தள்ளிப் போனா வித்தியாசம் ஆறு பர்சன்ட்தான். 2எக்ஸோ 3எக்ஸோ ஜூம் போட்டு பின்னாடி போங்க.

கேள்வி: மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் பின்னாடி தெரியணும், ஆனா ஆள் பெருசா எடுத்தா கோயில் பொம்ம மாதிரி ஆயிடுது ப்ரோ.

பதில்: ஜூம் பண்ணாம வைட்ல கிட்ட நின்னு எடுக்கறீங்க, அதான். ஆள் அங்கேயே இருக்கட்டும், நீங்க பத்து பதினஞ்சு மீட்டர் பின்னாடி போய் 135, 200னு ஜூம் பண்ணுங்க, ஆள் அதே சைஸ்ல இருக்கும், கோயில் நிமிர்ந்து நிக்கும். எஃப் 8 வைங்க, அங்க ப்ளர் பண்ணா போனதே வேஸ்ட். சூரியன் கடல் பக்கம் உதிக்கற இடம், அதனால காலையில ஆள் கடலப் பாத்து நிக்கற மாதிரி ஆங்கிள் தேடுங்க, முகத்துல நேரா லைட் விழும்.

கேள்வி: மத்தியானம் 1.8ல எடுத்தா முகம் வெள்ளையா போயிடுது.

பதில்: உச்சி வெயில்ல ஐஎஸ்ஓ 100, எஃப் 1.8க்கு 1/8000 ஷட்டர் ஸ்பீடு வேணும், நிறைய கேமரா 1/4000லயே நின்னுடும். எஃப் 2.8 வைங்க. அத விட நல்லது புளியமரம், வேப்பமரம் நிழலோட ஓரத்துக்கு வந்துடறது, முகம் வெளிச்சத்தப் பாத்து இருக்கணும், இலை வழியா வர்ற புள்ளி வெயில் கன்னத்துல விழக்கூடாது. அதே புள்ளிங்க தூரத்துல பேக்ரவுண்ட்ல இருந்தா வட்ட வட்டமா அழகா வரும்.

கேள்வி: 85 எம்எம் 1.8 லென்ஸ், ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரா. ஒரு கண்ணு ஷார்ப், இன்னொண்ணு அவுட்.

பதில்: ஒன்றரை மீட்டர்ல முன்னாடி பின்னாடி சேத்து உங்களுக்கு ஷார்ப்பா கிடைக்கற ஆழம் மூணு சென்டிமீட்டர் சொச்சம்தான். முகம் சைடு திரும்பியிருந்தா கேமரா பக்கம் இருக்கற கண்ணுல ஃபோகஸ் வச்சு எஃப் 2.8க்கு வாங்க, பேக்ரவுண்ட் தூரமா இருந்தா அப்பவும் நல்லாவே கரைஞ்சிருக்கும்.